சமுதாய உளவியல் ஆய்வாளரின் தாக்கத்தை எப்படி அளப்பது?

எச்-இன்டெக்ஸ் 12 என்றால் பெரிய ஆய்வாளரா என்பது கேள்வி. பிறர் ஆய்வுகளில் தலா 12 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட 12 கட்டுரைகள் இருக்கின்றன, அவ்வளவுதான் அதன் பொருள். 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. மேற்கோள்களை எண்ணும் தளங்களில், கூகுள் ஸ்காலரில் இந்த எண் பெரும்பாலும் கூடுதலாக வரும், ஸ்கோபஸில் குறையும். நம் இனிஷியல் பெயர்களில் நான்கு மீனாட்சிகள் ஒருவராகிவிடுவதும் உண்டு. ஆய்வாளருக்கென்றே உள்ள 16 இலக்க ஆர்க்கிட் (ORCID) அடையாள எண்ணை வைத்துச் சரிபாருங்கள்.

ஆனால் இந்தத் துறையின் உண்மையான பலன் ஊருக்குள் தெரிய வேண்டும். காரைக்குடிப் பக்கம் பெரிய வீடுகளில் தனியாக இருக்கும் ஆச்சிகளின் மனநலத்துக்காக ஓர் ஆய்வாளர் ஒரு திட்டம் நடத்தி, அதன் பலனை ஆய்ந்ததாக வைத்துக்கொள்வோம். மனநலத்தை அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் டபிள்யூ.ஹெச்.ஓ-5 படிவத்தில் 5 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. கூட்டி 4-ஆல் பெருக்கினால் 100-க்கு மதிப்பெண். கேட்பது கடந்த 2 வார நிலையை மட்டும். அக்கம்பக்கத்தார் சூழ முகப்பில் உட்கார்ந்து கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்றே பதில் வரும். உள்ளே, தனியாகக் கேட்க வேண்டும். பிள்ளைகள் எல்லாம் வந்திருக்கும் படைப்பு (குடும்ப வழிபாடு) சமயத்தில் மறுபடி அளந்தால் மதிப்பெண் தானாக ஏறும், அதைத் திட்டத்தின் வெற்றி என்று எழுதிவிடுவார்கள். அதனால்தான் திட்டம் நடக்காத பக்கத்து ஊரிலும் அதே வாரம் அளந்தாரா என்று முதலில் பார்க்கச் சொல்வேன். அடுத்து, ஆய்வுப் பணம் தீர்ந்த பிறகும் ஊராட்சியோ மகளிர் குழுவோ அதைத் தொடர்கிறதா என்று விசாரியுங்கள்.