யானையும் மாண்டா திருக்கையும்

வணக்கம்.

மாண்டா திருக்கையைப் பற்றிய ஓர் ஆவணப்படம் பார்த்தேன். ஏறக்குறைய ஓராண்டு கருவைச் சுமந்து ஒற்றைக் குட்டி போடுமாம். கருப்பையில் பாலும் ஊட்டுமாம். அப்படியானால் யானையைப்போல் அதையும் பாலூட்டியாகக் கொள்வதுதானே நியாயம்? ஏன் மீன்களோடு சேர்க்கிறார்கள்?

கே.

அன்புள்ள கே.,

மீனாக இருப்பதில் மாண்டாவுக்கு ஒரு குறையும் இல்லை! விலங்கியலார் பார்ப்பது வம்சாவளியை. திருக்கைக்கும் சுறாவுக்கும் உடல்சட்டகம் குருத்தெலும்பு. அந்தக் கிளை எலும்பு மீன்களின் கிளையிலிருந்து 42 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது. யானையும் நாமும் எலும்பு மீன்களின் கிளையில் வந்தவர்கள். முறை பார்த்தால், எலும்பு மீனான மத்திக்குத் திருக்கையைவிட யானைதான் நெருங்கிய சொந்தம். எந்த மத்தியும் இதை ஒப்புக்கொள்ளாது என்பது வேறு விஷயம்.

நீங்கள் கேள்விப்பட்ட பால் உண்மைதான். ஆனால் அது முலைப்பால் இல்லை. மாண்டாவின் முட்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிகிறது. பிறகு கருப்பைச் சுவரில் அடர்ந்திருக்கும் மெல்லிய இழைகள் கொழுப்பு மிகுந்த திரவத்தைச் சுரக்கின்றன. குட்டி அதை உண்டு வளர்கிறது. தொப்புள்கொடி கிடையாது. 2007-ல் ஜப்பானின் ஒகினாவா சுராவுமி மீன்காட்சியகத்தில் ஒரு மாண்டா குட்டி போட்டது. சுருட்டிய பாய்போல் வெளியே வந்த குட்டி, சிறகுகளை விரித்துத் தானே நீந்தத் தொடங்கியது. அதோடு தாயின் வேலை முடிந்தது. யானைக்குட்டியோ 22 மாதம் வயிற்றில் இருந்தும் போதாமல், பிறந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் பால் குடிக்கிறது. தும்பிக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் அதையே மிதித்துத் தடுமாறுகிறது. தூக்கி நிறுத்த அம்மா, பெரியம்மா, பாட்டி என்று ஒரு கூட்டமே வேண்டும்.

இரண்டும் ஒத்துப்போவது பிள்ளைப்பேற்றின் நிதானத்தில். யானை நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு குட்டி ஈனும். கடலில் மாண்டாவும் பெரும்பாலும் சில ஆண்டுகள் இடைவெளி விட்டே ஈனுகிறது. ஆயிரக்கணக்கில் முட்டையிடும் மத்தியை அள்ளினால் கடல் ஓரளவு ஈடுகட்டிவிடும். மாண்டாவை அள்ளினால் ஈடு கிடையாது. யானைக்குத் தந்தம் எமனானதுபோல் இதற்குச் செவுள் தட்டு எமனானது. கடலில் மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்ன உதவும் அந்தத் தட்டை உலர்த்தி, மருந்தென்று விற்கிறார்கள். மாண்டாவின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த, சைட்டிஸ் என்னும் அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் 2013-ல்தான் முடிவெடுத்தன. யானைக்கு எப்போதோ கிடைத்த கவனம் அது.