டவுன் நடுவுல இருக்கற சின்ன பார்க்கை எடுத்துட்டு கடை காம்ப்ளெக்ஸ் கட்டப் போறாங்க. எதிர்த்தா வளர்ச்சிக்கு எதிரின்னு சொல்லுவாங்களா?

சொல்லுவாங்க. என்னைச் சொன்னாங்க. சொன்னவர் வேற யாரும் இல்ல, பதினாறு வருஷமா காலைல எங்க கடை ஷட்டரும் அவரு கடை ஷட்டரும் ஒண்ணா தூக்கற பக்கத்துக் கடைக்காரர்தான்.

நீங்க கேட்டதை வெச்சுப் பாத்தா உங்க பார்க்கும் பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட்டு பக்கமாத்தான் இருக்கணும், இல்லேன்னா அதுமேல யாருக்கும் கண்ணு போகாது. காலைல நடக்க வர்றவங்க கொஞ்சம் பேரு ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பிச்சிருப்பீங்க, கடைக்காரங்க எல்லாம் காம்ப்ளெக்ஸ் வரட்டும்னு நிப்பாங்க. நானும் முதல்ல அந்தப் பக்கம் நின்னவதாங்க, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

எங்களுது கொங்குப் பக்கம் ஒரு ஊரு, பேரு வேண்டாம். பார்க்குக்கு எதிர்ல ஜெராக்ஸ், டைப்பிங் கடை வெச்சிருக்கேன். பார்க்குன்னா பெருசா ஒண்ணும் இல்ல, முப்பது சென்ட் இருக்கும். ரெண்டு புங்க மரம், ஒரு வேம்பு, உடைஞ்ச ஒரு சீசா. ஆனா மத்தியானம் ஒரு மணிக்கு வந்து பாருங்க, மார்க்கெட்டுல மூட்டை தூக்கறவங்க துண்டை விரிச்சுப் படுத்திருப்பாங்க, ஆஸ்பத்திரிக்கு வந்துட்டு அடுத்த பஸ்ஸுக்கு ரெண்டு மணி நேரம் காத்திருக்கற கிராமத்துப் பொம்பளைங்க தூக்குப்போசியைத் திறந்து சாப்பிட்டுட்டு இருப்பாங்க, கைக்குழந்தைக்குப் பால் குடுக்க அவங்களுக்கு டவுன்ல வேற இடமே கிடையாது. இதையெல்லாம் தினமும் பாத்துட்டுத்தான் நானும் இருந்தேன், இருந்தும் அங்க காம்ப்ளெக்ஸ் வருதுன்னு கேட்டதும் எனக்கு முதல்ல தோணினது நமக்கு ஒரு கடை எடுக்கணும்கறதுதான். வாடகைக் கடைல இருக்கறவங்களுக்கு அந்த ஆசை புரியும். வீட்டுக்காரரும் நானும் ஒரு சீட்டு எடுத்து, அந்தக் கடை ஏலத்துக்குன்னு பணம் தனியா வெச்சிருந்தோம். அதைத் தப்புன்னு யாரும் சொல்லாதீங்க, பிழைக்க வந்தவங்க அப்படித்தான் நினைப்போம்.

ஒரு நாள் பெரியவர் ஒருத்தர் வந்தாருங்க, பார்க்கைச் சுத்தி மனை பிரிச்சு வித்த லேஅவுட்டுல முதல்ல மனை வாங்கினவங்கள்ல ஒருத்தர். பழைய லேஅவுட் பிளான் கொண்டு வந்திருந்தாரு, மடிச்ச இடமெல்லாம் கிழிஞ்சு செல்லோடேப் ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளாயி காஞ்சு போயிருந்துச்சு. நான் எப்பவும் போல ஏ3ல கருப்பு வெள்ளை போட்டுக் குடுத்தேன். கையில வாங்கிப் பாத்துட்டு, "அம்மணி, இதைக் கலர்ல எடுத்துக் குடு கண்ணு, இதுல பச்சை தெரியலையே" ன்னாரு. திருப்பிப் பாத்தேன். ஒரிஜினல்ல அந்த இடம் முழுக்க பச்சை அடிச்சு, கையெழுத்துல பொடியா 'பூங்கா'ன்னு எழுதியிருக்கு. மடிப்பு சரியா அந்த எழுத்து மேலயே போறதால என் காப்பில எழுத்து ஒரு கருப்புக் கோடாயிடுச்சு, பச்சை வெளுத்துப்போச்சு. பாக்கறவங்களுக்கு அது ஒரு காலி மனை, அவ்வளவுதான்.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி காம்ப்ளெக்ஸ் ஒப்பந்தக்காரர் ஆளு ஒருத்தர் நகராட்சி ஆபீஸ் ஃபைல்ல இருந்த பிளானைக் கொண்டு வந்து பத்து காப்பி எடுத்துட்டுப் போனாரு, அதுவும் கருப்பு வெள்ளைதான், காப்பிக்குக் காப்பி எடுத்த காப்பி. அந்தப் பத்தையும் எடுத்துக் குடுத்தது நான். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலைங்க.

அதுக்கப்புறம் மனு எல்லாம் நான்தான் டைப் பண்ணேன், காசு வாங்கல. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள்ல கலெக்டர் ஆபீஸ்ல குடுத்தோம், அந்த லேஅவுட்டுக்கு அனுமதி குடுத்த உத்தரவும் பிளானும் கேட்டு ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போட்டோம். ஆர்டிஐக்கு பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டணும், அந்தப் பத்து ரூபா ஸ்டாம்பை எங்க ஊர்ல பதினஞ்சுக்குக் குறைஞ்சு யாரும் தர்றதில்ல, கேட்டா ஸ்டாக் இல்லம்பாங்க, அஞ்சு ரூபா சேத்து நீட்டினா டிராயர்ல இருந்து வரும். பென்ஷன் மனு குடுக்க வர்ற பாட்டிங்க கிட்டயும் அப்படித்தான் வாங்கறாங்க, இதை எத்தனையோ தடவை சொல்லியாச்சு, கேக்கறதுக்கு ஆள் இல்ல. சரி, விஷயத்துக்கு வர்றேன்.

நகராட்சிப் பக்கம் சொன்ன சமாதானம் என்னன்னா, கடையும் பார்க்கிங்கும் தரைக்கு அடியில வரும், மேல பழையபடி பார்க் போட்டுக் குடுப்போம்னு. இதை நம்பி எங்க ஆளுங்கள்லயே பாதிப் பேரு அடங்கிட்டாங்க. அப்ப எங்களுக்காக நோட்டீஸ் எழுதின வக்கீலம்மா ஒரு தீர்ப்பை டைப் பண்ணக் குடுத்தாங்க. லக்னோல அமீனாபாத் பஜாருக்கு நடுவுல ஜண்டேவாலா பார்க்னு ஒண்ணு, சுதந்திரப் போராட்டக் கூட்டம் நடந்த இடம். அங்கயும் இதே கதைதான், பார்க்குக்கு அடியில கடை காம்ப்ளெக்ஸ் கட்டுனாங்க. 1999ல சுப்ரீம் கோர்ட் அதை இடிச்சுட்டு பார்க்கைப் பழையபடி ஆக்கிக் குடுங்கன்னு சொல்லிடுச்சு. கட்ட ஆரம்பிச்சு எவ்வளவோ பணம் போட்டாச்சேன்னு பில்டர் சொன்னதும் எடுபடல. இன்னொண்ணு பெங்களூரு, 1991 தீர்ப்பு. லேஅவுட்ல பார்க்குன்னு காட்டின இடத்தை ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் குடுத்துட்டாங்க, அந்த ஏரியாவுல குடியிருந்தவங்கதான் கேஸ் போட்டு ஜெயிச்சாங்க. கேஸ் போட நீங்க யாருங்கற கேள்வி அங்க எடுபடல பாருங்க, எனக்கு அதுதான் பெரிய தைரியம் குடுத்துச்சு. நம்ம தமிழ்நாட்டுலயே பூங்கா, விளையாட்டுத் திடல் இதையெல்லாம் காப்பாத்தறதுக்குன்னு 1959ல இருந்து தனிச் சட்டம் இருக்கு, நான் அதுவரைக்கும் கேள்விப்பட்டதே இல்ல.

'திரும்பப் போட்டுக் குடுப்போம்' கறதுக்கும் ஒண்ணு சொல்லணும். சென்னை ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்காவை மெட்ரோ ஸ்டேஷனுக்காக எடுத்தாங்க. மெட்ரோ வேண்டாம்னு நான் சொல்ல வரல, அது ஊருக்கே பிரயோஜனம். ஆனா 2017லயே அடியில ரயில் ஓட ஆரம்பிச்சிடுச்சு, பார்க் ஜனங்க கைக்குத் திரும்பி வர அதுக்கப்புறமும் வருஷக்கணக்கா ஆச்சு. பெரிய மரமெல்லாம் போனது போனதுதான். அடியில கட்டடம் இருந்தா மேல போடற மண்ணு எவ்வளவு ஆழம் இருக்கும் சொல்லுங்க, புங்க மரம் வேர் விடுமா அதுல? புல்லு வரும், குரோட்டன்ஸ் வரும். மூட்டை தூக்கறவரு நிழலுக்கு எங்க போவாரு?

ஆர்டிஐல கலர் பிளான் சர்டிஃபைட் காப்பியா வந்தது. கவுன்சில் கூட்டத்துல காம்ப்ளெக்ஸ் கட்டற தீர்மானத்தை ஒத்தி வெச்சாங்க, எட்டு மாசம் கழிச்சு டெண்டரையும் ரத்து பண்ணிட்டாங்க. முழுசா ஜெயிச்சோம்னு சொல்ல மாட்டேன். நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை, கடை எல்லாம் அடைச்சிருந்த நேரம், கிளை கரண்ட் கம்பில படுதுன்னு சொல்லி வேம்பை அடியோட அறுத்துட்டாங்க. திங்கக்கிழமை காலைல ஷட்டரைத் தூக்கித் திரும்பினா எதிர்ல வெளிச்சம் கண்ணு கூசுது, அடிமரத்துல பால் மாதிரி ஈரம் கசிஞ்சுட்டு இருக்கு. முன்பக்கம் ஒரு ஓரத்துல டிரான்ஸ்ஃபார்மரும் கட்டணக் கழிப்பிடமும் வந்துடுச்சு. கழிப்பிடத்தை நான் எதிர்க்கல, பொம்பளைங்களுக்கு அது தேவைதான்.

எனக்கு ஆன நஷ்டத்தையும் சொல்லிடறேன், நாளைக்கு உங்களுக்கும் இது வரும். வீட்டுக்காரர் பத்து நாள் மூஞ்சி குடுத்துப் பேசல. பக்கத்துக் கடைக்காரர் பில் புக்கு டைப்பிங்கை வேற இடத்துல குடுக்க ஆரம்பிச்சாரு, இன்னும் அப்படித்தான். சொந்தமா ஒரு கடைங்கற கனவு அப்படியே நின்னுடுச்சு. இப்பக்கூட கமென்ட்ல யாராவது வந்து, 'பார்க்குல குடிகாரங்கதான் கிடக்கறாங்க, காலி பாட்டிலு பொறுக்கத்தான் அது லாயக்கு'ன்னு எழுதுவீங்க, தெரியும். எங்க பார்க்குலயும் அது இருந்துச்சுங்க. ரெண்டு லைட்டு போட்டு, ராத்திரி எட்டு மணிக்குப் பூட்டறதுக்கு ஒரு ஆளு வெச்ச பின்னாடி குறைஞ்சிடுச்சு. பூட்டு சாவி செலவுல தீர்ற விஷயத்துக்கு ஏன் காம்ப்ளெக்ஸ் கட்டணும்?

நீங்க முதல்ல கோஷம், போஸ்டர்னு இறங்காதீங்க. உங்க லேஅவுட் நம்பரைக் கண்டுபிடிங்க, பெரும்பாலும் வீட்டுப் பத்திரத்துலயே இருக்கும். அதை வெச்சு ஆர்டிஐல பிளானைக் கேளுங்க, பார்க்கை நகராட்சிக்கு எழுதிக் குடுத்த தானப் பத்திரம் இருந்தா அதையும் கேளுங்க. கேக்கும்போது கலர்லயே வேணும்னு எழுதுங்க. முப்பது நாள்ல பதில் வரணும், வரலைன்னா மேல்முறையீடு போடலாம். மனுவோட மாடல் வேணும்னா என்கிட்ட இருக்கு, கீழ கேளுங்க, அனுப்பி வைக்கறேன்.