நாள் தள்ளிப்போன பிறகா கேட்பது?

பெண்களும் வலிப்பு நோயும்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மருந்தின் பெயரே இல்லை. 'வெள்ளை மாத்திரை', 'நீள மாத்திரை', 'ஜிப்மரில் கொடுத்தது' என்று எழுதினால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். அட்டையைத் திருப்பினால் பெயரும் மில்லிகிராமும் அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து எழுதுங்கள்.

ஆறு வருடமாக வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நாள் தள்ளி இரண்டு வாரம் ஆகிறது. குழந்தைக்கு ஆகாது என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதால் நிறுத்திவிட்டேன். சரிதானே?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

சரியில்லை. என்ன மாத்திரை, நிறுத்தி எத்தனை நாள் என்று இரண்டையுமே நீங்கள் எழுதவில்லை. இன்றைக்கே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். நீங்களாகப் பழைய அளவில் மறுபடி தொடங்கவும் வேண்டாம். லாமோட்ரிஜின் போன்ற மருந்தைச் சில நாள் விட்டுவிட்டால் மீண்டும் சிறிய அளவிலிருந்துதான் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் உடம்பெல்லாம் தடித்துக் கொப்பளிக்கலாம்.

கருவின் தண்டுவடம் மூடும் வேலை கருத்தரித்து நான்கு வாரத்தில் முடிந்துவிடும். நாள் தள்ளி இரண்டு வாரம் என்றால் ஏறக்குறைய அது முடிந்த நேரம். இப்போது திடீரென்று நிறுத்துவதால் அந்த வகையில் லாபம் ஒன்றுமில்லை. நிற்காமல் தொடரும் வலிப்பு வருவதற்குத்தான் வழி. வலிப்பில் நீங்கள் விழுந்தால் வயிற்றில் அடி படும். உங்களுக்குப் பிராணவாயு குறைந்தால் குழந்தைக்கும் குறையும். அதையெல்லாம் அந்த அக்கா சொல்லியிருக்க மாட்டார். மூளை வளர்ச்சி மட்டும் பேறுகாலம் வரை நடக்கிறது. அதனால் மருந்தை மாற்றலாமா என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. அதை முடிவு செய்ய வேண்டியவர் நரம்பியல் மருத்துவர். ஐந்தாம் மாத ஸ்கேனைத் தவறவிடாதீர்கள்.

அரசு கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையிலேயே ஃபோலிக் அமிலம் இருக்கிறதாமே. தனியாக வேறு வேண்டுமா?
– வாசகி, அரியாங்குப்பம்

வேண்டும். அதில் இருப்பது அரை மில்லிகிராம். வலிப்பு மருந்து சாப்பிடும் பெண்களுக்கு நாங்கள் எழுதுவது 5 மில்லிகிராம். அதுவும் கருத்தரிப்பதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பிருந்தே.

என் மகளுக்கு 23 வயது. பதினைந்து வயதிலிருந்து வால்ப்ரோயேட் சாப்பிடுகிறாள். மூன்று வருடமாக வலிப்பு இல்லை. தை மாதம் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லவில்லை. அங்கே யாருக்கும் தெரியாமல் மாத்திரையை எப்படித் தொடர்வது?
– பெயர் வேண்டாம், பண்ருட்டி

மருந்தின் பெயரை எழுதிய ஒரே தாய் நீங்கள், அதற்கு நன்றி. கேட்டிருக்கும் கேள்விக்குத்தான் நான் உதவ மாட்டேன்.

தெரியாமல் தொடர்வது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி ஏதாவதொரு சத்து மாத்திரை டப்பாவில் கொட்டி வைப்பார்கள். வால்ப்ரோயேட் ஈரத்தை இழுக்கும் மருந்து. விழுங்கும் நேரத்தில்தான் அட்டையிலிருந்து எடுக்க வேண்டும். நம் கடற்கரைக் காற்றில் அந்த டப்பாவைப் பத்து நாள் கழித்துத் திறந்து பாருங்கள். மேல்பூச்சு உப்பி, ஒன்றோடொன்று ஒட்டி, கையில் பிசுபிசுக்கும். அதைத்தான் புதுப்பெண் புடவை அடுக்குக்குள்ளிருந்து எடுத்து, தண்ணீர்கூட இல்லாமல் அவசரமாக விழுங்குகிறாள். அறையில் யாராவது இருந்தால் அந்த வேளை போயிற்று. நிச்சயதார்த்தம், முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு, மறுவீடு என்று தூக்கமும் கிடையாது. தூக்கம் கெட்டு மாத்திரையும் தவறினால் மூன்று வருடம் வராத வலிப்பு முப்பதாம் நாள் வரும், அதுவும் எல்லோர் கண்ணெதிரிலும்.

சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்தும் தரகர்களுக்கு ஒரு தகவல். இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாகச் சொல்லியிருந்த வார்த்தைகள் 1999-இலேயே நீக்கப்பட்டுவிட்டன. நோய் தடையில்லை. மறைத்தார்கள் என்ற பேச்சுதான் பின்னாளில் பஞ்சாயத்துக்கும் வழக்குக்கும் போகிறது. சர்க்கரை நோய் உள்ள மாப்பிள்ளைக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள்.

இதைவிடப் பெரிய விஷயத்தை நீங்கள் கேட்கவே இல்லை. வால்ப்ரோயேட் நல்ல மருந்து. ஆனால் பிள்ளை பெறப்போகும் பெண்ணுக்கு முதலில் தேர்ந்தெடுக்கும் மருந்து இல்லை. மருந்தே சாப்பிடாத தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குப் பிறவிக் குறை இருக்கும். வால்ப்ரோயேட் சாப்பிட்டால் அது ஏறக்குறைய பத்து. அளவு கூடக் கூட இதுவும் கூடும். அதே நூற்றில் முப்பது நாற்பது குழந்தைகளுக்குப் பேச்சு, படிப்பு, நடத்தையில் பின்னடைவு வரலாம். லெவெடிராசெட்டம், லாமோட்ரிஜின் இரண்டிலும் பிறவிக் குறை கிட்டத்தட்ட மற்றத் தாய்மாருக்கு இருக்கும் அளவுதான். உங்கள் மகளுக்கு இவற்றில் ஒன்று ஒத்துவருமா என்று பார்த்து, ஒன்றை மெல்ல ஏற்றி மற்றதை மெல்ல இறக்க மாதக்கணக்கில் ஆகும். காலையில் பல் துலக்கும்போது கை உதறும் வகை வலிப்பில் சிலருக்கு வால்ப்ரோயேட் ஒன்றுதான் கேட்கும். அவர்களுக்குக் குறைந்த அளவில் தொடர வேண்டியிருக்கலாம். மாற்றி முடிக்கும் வரை கருத்தடை அவசியம். கணவனுக்குத் தெரியாமல் இதில் எதைச் செய்வீர்கள்?

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மாப்பிள்ளையையும் கூட்டிப் போங்கள். கால் மணி நேரம் போதும். கேட்டுவிட்டு விலகுகிறவர் நிச்சயத்தோடு விலகட்டும்.

வலிப்பு வரும்போது கையில் சாவி கொடுக்கலாமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

கூடாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. கர்ப்பிணி என்றால் நிமிடக் கணக்கே வேண்டாம், உடனே 108.

லாமோட்ரிஜின் சாப்பிட்டு நன்றாக இருந்தேன். இப்போது ஏழாவது மாதம், மறுபடி இரண்டு முறை வந்துவிட்டது. ஒரு வேளைகூட தவறவில்லை. வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகப் போகிறேன்.
– வாசகி, பாகூர்

உங்கள் மேல் தவறில்லை. கர்ப்பத்தில் இந்த மருந்தை உடம்பு வேகமாக வெளியேற்றிவிடுகிறது. பலருக்கு இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். அளவைக் கூட்ட வேண்டும். வளைகாப்புக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

பேறு முடிந்ததும் இதுவே தலைகீழாகும். இரண்டு மூன்று வாரத்தில் உடம்பு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கூட்டிய அளவை அப்படியே சாப்பிட்டால் தலை சுற்றும், ஒன்று இரண்டாகத் தெரியும். பிள்ளை பெற்ற களைப்பு என்று தாய்வீட்டில் சொல்லிவிடுவார்கள். எப்போது எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை இப்போதே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிரசவ அறைக்குள்ளும் மாத்திரை உங்களோடு வர வேண்டும். வலி எடுத்த நாளில் வேளை தவறுவதுதான் அதிகம் நடக்கிறது. வலிப்பு நோய் இருப்பதாலேயே சிசேரியன் தேவையில்லை.

தாய்ப்பால் கொடுக்கக் கூடாது என்கிறார் மாமியார். பாலில் மருந்து இறங்குமாமே?
– வாசகி, குறிஞ்சிப்பாடி

இறங்கும், பெரும்பாலும் சிறிதளவு. ஒன்பது மாதம் வயிற்றில் பெற்றதைவிடக் குறைவு. கொடுங்கள். ஃபீனோபார்பிட்டல் சாப்பிடுகிறவர் என்றால் குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருக்கிறதா என்று கவனியுங்கள். மாமியாருக்கு வேறு வேலை இருக்கிறது: இரவில் ஒரு முறையாவது குழந்தையை அவர் பார்த்துக்கொண்டு உங்களைத் தூங்கவிட வேண்டும். தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுங்கள். தனியாகக் குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டாம்.

கார்பமாசெபின் சாப்பிடுகிறேன். கருத்தடை மாத்திரை தவறாமல் எடுத்தும் கரு தங்கிவிட்டது. கடைக்காரர் கொடுத்தது போலியா?
– வாசகி, விருத்தாசலம்

போலியாக இருக்க வேண்டியதில்லை. கார்பமாசெபின், ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டல் மூன்றும் கருத்தடை மாத்திரையின் வேகத்தைக் குறைத்துவிடும். 'மறுநாள் மாத்திரை'க்கும் இதே கதி. அடுத்த முறை காப்பர்-டி போட்டுக்கொள்ளுங்கள், இந்த மருந்துகள் அதை ஒன்றும் செய்யாது. இப்போதைக்கு கார்பமாசெபினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

என் மனைவிக்கு எட்டாவது மாதம். இதுவரை வலிப்பே வந்ததில்லை. நேற்று ஒரு முறை வந்தது. கால் வீங்கியிருக்கிறது, தலைவலி என்கிறாள். எந்த மாத்திரை வாங்கலாம்?
– வாசகர், வில்லியனூர்

உங்கள் கடிதம் என் கைக்கு வந்த அன்றே தொலைபேசியில் சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே. இதற்கு மாத்திரை வாங்கக் கூடாது, கடிதமும் எழுதக் கூடாது. ஐந்து மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக வரும் வலிப்பை, வேறு காரணம் தெரியும் வரை, இரத்த அழுத்தத்தால் வந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குரிய மருந்து மக்னீசியம் சல்பேட் ஊசி; அது பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. தாயும் பிள்ளையும் மணிக்கணக்கில் கைவிட்டுப் போகக்கூடிய நிலை அது.

சஷ்டி விரதத்தில் மாத்திரை சாப்பிடலாமா?
– வாசகி, சிதம்பரம்

சாப்பிட வேண்டும். பட்டினி கிடப்பதற்கு முன் உங்கள் மருத்துவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.