"எக்ஸ்சேஞ்சிலிருந்து பேசுகிறேன்": போலி ஊழியர்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சின் ஊழியர் என்று ஒருவர் போன் செய்தார். என் முகவரி, கணக்கு இருப்பு எல்லாம் சரியாகச் சொன்னார். ஊழியருக்குத்தானே இவை தெரியும்?

பதில்: பலர் விழுவது இந்த இடத்தில்தான். 2025 மே மாதம் காயின்பேஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் நிறுவனம் தானே வெளியிட்ட செய்தியைப் பாருங்கள். வெளிநாட்டில் இருந்த அதன் உதவிப் பணியாளர்கள் சிலருக்கு லஞ்சம் கொடுத்து, வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, போன் எண், இருப்பு விவரம் ஆகியவற்றைக் குற்றவாளிகள் பெற்றுவிட்டார்கள். 2 கோடி டாலர் கேட்டு நிறுவனத்தையும் மிரட்டினார்கள். நிறுவனம் மறுத்து, அதே தொகையைத் துப்புக் கொடுப்போருக்குப் பரிசாக அறிவித்தது. ஆனால் பாஸ்வேர்டுகள் அவர்கள் கையில் சிக்கவில்லை. கணக்கைத் திறக்க வழியில்லாதவன், திறக்க வல்ல உங்களிடம் பேசித்தான் ஆக வேண்டும். அதற்குத்தான் அந்த அழைப்பு. உங்களைப் பற்றி அவனுக்குத் தெரிந்திருப்பது விவரம் கசிந்ததற்கு மட்டுமே சான்று. அழைப்பைத் துண்டித்துவிட்டு, செயலியை நீங்களே திறந்து, அதற்குள் இருக்கும் உதவிப் பகுதியில் கேளுங்கள்.

கேள்வி: எஸ்எம்எஸ், எக்ஸ்சேஞ்சின் பழைய செய்திகளுக்குக் கீழேயே வந்திருக்கிறதே?

பதில்: அனுப்புநர் பெயரைப் போலியாகப் போட முடியும். ஒரே பெயரில் வருபவற்றைப் போன் ஒன்றாக அடுக்கிவிடுகிறது. அழைக்கும் எண்ணும் அப்படியே.

கேள்வி: "உங்கள் கணக்கில் திருடன் நுழைந்துவிட்டான், பாதுகாப்பான வாலட்டுக்கு மாற்றுங்கள்" என்று 12 சொற்களை அவரே கொடுத்தார். நான் எதையும் சொல்லவில்லையே, இதில் என்ன ஆபத்து?

பதில்: நிறுத்துங்கள், எதையும் அனுப்பாதீர்கள். மீட்புச் சொற்களை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ஊரெல்லாம் எச்சரித்ததால், திருடர்கள் முறையைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். வாலட் என்பது கிரிப்டோ நாணயங்களுக்கான டிஜிட்டல் பணப்பை. அந்தச் சொற்கள்தான் அதன் சாவி. 2048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்களை உங்கள் கருவியே தற்செயலாகத் தேர்ந்தெடுத்துத் தர வேண்டும். இன்னொருவர் கொடுத்த சொற்களில் திறந்த வாலட்டுக்குச் சாவி அவரிடமும் இருக்கிறது. நீங்கள் அதில் நாணயத்தைப் போட்ட மறுகணமே அவர் எடுத்துவிடுவார்.

கேள்வி: ஓடிபி மட்டும் கேட்டால் சொல்லலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: கிரிப்டோ லாபத்துக்கு வரி எப்படிக் கணக்கிடுவது?

பதில்: என் துறை அன்று. தணிக்கையாளரிடம் கேளுங்கள்.

கேள்வி: பேராசைக்காரர்கள்தான் ஏமாறுகிறார்கள். அவர்களுக்காக ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள்?

பதில்: இதை என்னால் ஏற்க முடியாது. 2020 ஜூலையில் ட்விட்டர் ஊழியர்களையே போனில் ஏமாற்றினார்கள். தகவல் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொல்லி, போலித் தளத்தில் பாஸ்வேர்டைப் போட வைத்தார்கள். அதன் வழியே ஒபாமா, ஈலான் மஸ்க் போன்றோரின் கணக்குகளில் பிட்காயின் மோசடிச் செய்தி வந்தது.

கேள்வி: "அனுப்பினால் இரட்டிப்பாகத் திருப்பித் தருகிறோம்" என்ற செய்திதானே அது? நம்பி அனுப்பியவர்களுக்குப் பேராசை இல்லையா?

பதில்: அவர்களுக்கு இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். பாஸ்வேர்டைக் கொடுத்த ஊழியருக்கு என்ன ஆசை? வேலை தடைப்படக் கூடாது என்ற கவலைதான். எக்ஸ்சேஞ்ச் ஊழியர் வேடத்தில் வருபவனும் லாபம் காட்டுவதில்லை, இருப்பது போய்விடும் என்று பதற வைக்கிறான். பதறியவரைப் பேராசைக்காரர் என்று திட்டினால் அவர் வெட்கப்பட்டு வெளியே சொல்ல மாட்டார். புகார் தாமதமாகும். அது திருடனுக்குத்தான் உதவி.

கேள்வி: நான் ஏற்கெனவே இழந்துவிட்டேன். மீட்டுத் தருவதாக ஒருவர் கட்டணம் கேட்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். பிளாக்செயினில், அதாவது கிரிப்டோ பரிவர்த்தனைகள் பதிவாகும் பொதுப் பேரேட்டில், உறுதியான பரிவர்த்தனையை யாராலும் திருப்ப முடியாது. இழந்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு வரும் இரண்டாவது திருட்டு இது. திருடர்கள் சொல்லி நிறுவிய, உங்கள் கருவியைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலி இருந்தால் நீக்குங்கள். வேறு கருவியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, எக்ஸ்சேஞ்சிடம் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பரிவர்த்தனை எண்ணோடு இன்றே காவல்துறையில் புகார் கொடுங்கள். திருடப்பட்ட நாணயம் இன்னொரு எக்ஸ்சேஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே முடக்க வாய்ப்பு உண்டு.

கேள்வி: டெலிகிராமில் எக்ஸ்சேஞ்ச் நிர்வாகி ஒருவர் தானாகவே வந்து உதவுகிறார். நம்பலாமா?

பதில்: முதல் கேள்வியின் பதிலைத் தயவுசெய்து படியுங்கள். தானாக வந்தவரிடம் பேசாதீர்கள்.

கேள்வி: இப்போதே இன்னொரு போனில் காத்திருக்கிறார். பத்து நிமிடத்தில் கணக்கு பூட்டப்படுமாம்.

பதில்: பூட்டப்படட்டும். போனை வையுங்கள். வைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.