ஒரு நிமிஷ ஸ்கேனை நம்பலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 72 வயசு, மறதிக்காக போன வருஷம் எம்ஆர்ஐ எடுத்தோம். இப்ப திரும்ப எடுக்கணுமாம், புது மெஷின்ல சீக்கிரம் முடிஞ்சிரும்ங்கறாங்க. அவசரமா எடுத்தா மூளை அளவு சரியா வருமா?

பதில்: வேகம்னா அரைகுறைன்னு நினைச்சுக்காதீங்க. மெஷின் சிக்னலை வரி வரியா சேகரிக்கும், அதுல கொஞ்சத்தை மட்டும் எடுத்துட்டு மிச்சத்தை கணக்குப் போட்டு நிரப்புறதுதான் கம்ப்ரெஸ்டு சென்சிங், அதனால அஞ்சாறு நிமிஷம் ஆகுற படம் ஒரு நிமிஷம் சொச்சத்துல வந்துரும். படம் லேசா மணல் தூவின மாதிரி இருக்கும், ஆனா ஹிப்போகேம்பஸ் (ஞாபகத்துக்கு முக்கியமான மூளைப் பகுதி) அளவு பெரும்பாலும் பழைய முறையோட ஒத்துப்போகுது. இதுல ஒரு லாபமும் இருக்கு, அஞ்சு நிமிஷம் ஆடாம படுக்கறது வயசானவங்களுக்கு பெரும்பாடு, தலை லேசா அசைஞ்சாலே மூளையோட மேலடுக்கு நெஜத்தைவிட மெல்லிசா தெரியும்.

சிக்கல் வேற இடத்துல. ஆரோக்கியமான வயசானவங்களுக்கே மூளை வருஷத்துக்கு சுமார் 0.5 சதவீதம் சுருங்கும், ஒரே ஒரு ஸ்கேன்ல வர்ற அளவுப் பிழையே அதைவிட பெருசா இருக்கலாம். அதுக்குத்தான் ஆராய்ச்சியில ஒரே நாள்ல வேக ஸ்கேன் நாலஞ்சு எடுத்து சராசரி பாக்குறாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச யோசனை இது.

போன வருஷம் வேற மெஷின்னா ரெண்டு அளவையும் நேரடியா ஒப்பிடாதீங்க, ரெண்டு தையக்காரர் டேப்ல அளந்த கதை. முடிஞ்சா அதே மெஷின், அதே செட்டிங். பழைய ஸ்கேன் படங்கள் இருக்கற சிடி டிஸ்க்கையும் கையோட எடுத்துட்டுப் போங்க, ரிப்போர்ட் பேப்பர் மட்டும் பத்தாது.