கேள்வி–பதில்: ஏரிக்காட்டில் நடக்கலாமா?

கேள்வி: ஜூலையில் ஒஸ்லோவிலுள்ள மகளிடம் செல்கிறேன். அருகிலுள்ள ஒஸ்ட்மார்க்கா காட்டில் வழிகாட்டியின்றி நடக்க முடியுமா?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: தாராளமாக நடக்கலாம், அம்மா. நோர்வேயின் காடுகளில் எவரும் கட்டணமின்றி நடமாடும் உரிமையை 1957ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்கிறது. அது மிகவும் போற்றத்தக்க சட்டம். மரங்களில் பூசப்பட்டுள்ள நீலக் குறி கோடைகால நடைபாதையையும், சிவப்புக் குறி பனிச்சறுக்குப் பாதையையும் காட்டும். சிவப்பைத் தொடர்ந்தால், பனிக்காலத்தில் மட்டுமே உறைந்து இறுகும் சதுப்பு நிலத்தில் கால் புதைய நேரிடலாம் என்பதால், நீலத்தை விட்டு விலகாதீர்கள். மழைக்குப்பின் மரவேர்களும் பாறைகளும் மிகவும் வழுக்கும். கணுக்காலை மூடும் சப்பாத்து அவசியம்.

முதல் நாளிலேயே அங்கு செல்லாமல், மெட்ரோ ரயிலில் சென்றடையக்கூடிய சொங்ஸ்வான் ஏரியை ஒருமுறை சுற்றி வாருங்கள். ஏறத்தாழ 3 கிலோமீற்றர் நீளமான சமதளப் பாதை அது. ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டில் தீ மூட்டத் தடையுள்ளதால், தேநீரைப் பிளாஸ்கில் எடுத்துச் செல்லுங்கள்.