அறுப்பு முடிந்த வயலில் பந்தல் போடலாமா?

(கன்னியாகுமரி மாவட்டத்தில் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நிலம் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.)

கும்பப்பூப் பருவ நெல் அறுப்பு முடிந்துவிட்டது. மகளின் திருமண வரவேற்பை எங்கள் வயலிலேயே வைக்கலாமா, அண்ணாச்சி? (தோவாளை)

மாசி, பங்குனியில் அறுத்தால் அடுத்த நெல் பருவமான கன்னிப்பூவுக்கு உழும் வரை வயல் சும்மாதான் கிடக்கும். அந்த இடைவெளியில் ஒருநாள் பந்தல் போட்டதை நிலப் பயன்பாட்டு மாற்றம் என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலமான அனுமதி வாங்குங்கள். இரவு 10 மணிக்கு அணைத்துவிடுங்கள்.

கார் நிறுத்த மட்டும் செம்மண் அடிக்காதீர்கள். நான் வேலை பார்த்த ஓர் ஊரில் வரவேற்புக்காக நாற்பது லோடு கொட்டினார்கள். விருந்தினர் போனார்கள், மண் போகவில்லை. மடை அடைபட்டு, கீழ்வயல்காரர் இருவருக்கு அந்தப் பருவத்தில் தண்ணீர் ஏறவில்லை. அடுத்த நடவில், சேற்றில் கிடந்த சோடா பாட்டில் சில் நாற்று நட்ட அக்காவின் குதிகாலில் ஏறியது. ஐந்து தையல்.

என் பட்டா, என் நிலம். யாரிடம் கேட்க வேண்டும்?

மடையும் வாய்க்காலும் உங்கள் பட்டாவில் இல்லையே.

வயலை நிரந்தர விழாத் திடலாக வாடகைக்கு விட நினைக்கிறேன். நடைமுறை என்ன? (இரணியல்)

இது வேறு கதை. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம், 47-ஏ பிரிவு. திட்டப் பகுதிக்கு வெளியே விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற முன் அனுமதி வேண்டும். விதிகள் 2017-இல் வந்தன. கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் நஞ்சை என்றிருந்தால் கோப்பு ஆட்சியர் வரை போகும். மலையோரக் கிராமமாக இருந்தால் மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உங்கள் ஊர் இருக்கிறதா என்றும் பாருங்கள். முதலில் தகரக் கொட்டகை போட்டுவிட்டுப் பிறகு விண்ணப்பிக்கும் பழக்கம் வேண்டாம்.

பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நமக்குப் பொருந்தாதா?

பொருந்தாது. 2020-இல் வந்த அது காவிரி டெல்டாவுக்கானது. அதுவும் எண்ணெய்க் கிணறு, உருக்காலை போன்றவற்றைத் தடுக்கிறதே தவிர, கச்சேரியை அல்ல.

கேரளத்தில் 2008 முதல் நெல்வயலைக் காக்கத் தனிச் சட்டமே இருக்கிறது. நாமும் பழைய திருவிதாங்கூர்தானே?

1956 நவம்பர் 1-ஆம் தேதி நம் பகுதி தமிழகத்தோடு சேர்ந்தது; அதோடு அந்தப் பேச்சு முடிந்தது, தம்பி.

செம்மண்ணைக் குறை சொல்லும் நீங்கள் வாழையை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஏலாவை, அதாவது நெல்வயல் பரப்பை, அழித்தது வாழைதான்.

பயிருக்கு மாறுவது நிலப் பயன்பாட்டு மாற்றம் ஆகாது. வாழையை வெட்டினால் மறுபடி நெல் நடலாம்.

நடலாம் என்கிறீர்கள். நட்டவர் யார்? வாழைக்குப் பணை என்னும் மேட்டுப்பாத்தி கோரி மண்ணை மேடாக்கிவிட்டால் நடுவயலில் தண்ணீர் நிற்காது. பக்கத்து வயலுக்கும் வடிகால் போய்விடும். உங்கள் மடைக் கணக்கு வாழைக்கு மட்டும் இல்லையா? (தேரூர்)

நியாயமான அடி, ஒப்புக்கொள்கிறேன். என் மைத்துனரே நேந்திரன் வைத்து, பத்து ஆண்டாகியும் நெல்லுக்குத் திரும்பவில்லை. ஆனால் அவரைத் தள்ளியது கூலியும் கொள்முதல் விலையும். பேச்சிப்பாறைத் தண்ணீர் கடைமடைக்கு வராத ஆண்டில் நெல் வை என்று அவரிடம் நான் எந்த வாயால் சொல்வேன்? இருந்தாலும் பணையை மண்வெட்டியால் கலைக்கலாம். சல்லியும் சிமெண்டும் போட்டால் மண்வெட்டியே உடையும். நாம் இருவரும் இதை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம்; பின்னால் பலர் நிற்கிறார்கள்.

கோயில் கொடைக்கு வயலில் கடைகள் போடலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

சர்ச் திருவிழாவுக்கு?

அதே பதில். செம்மண் எந்தச் சாமிக்கும் ஒரே செம்மண்தான்.

தேரூர்க் குளத்தை ஒட்டிய வயலில் வாணவேடிக்கை வைக்கலாமா?

வேண்டாம். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022 முதல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் இருக்கிறது. பறவைகள் அடையும் நேரத்தில் வெடி எதற்கு?

செம்மண் அடித்துவிட்டு, விழா முடிந்ததும் அள்ளிவிட்டால் பரவாயில்லையா, ஐயா?

அள்ளி எங்கே கொட்டுவீர்கள்? குளத்திலா?